காடைக்கு வெஞ்சனம் வைக்கக் கூடாது

திண்டுக்கல்லுக்கு வெளியே நான் வேலை பார்த்த கல்லூரியில், விலங்கியல் துறையின் பறவை அறைக் கதவுக்கு மேல் ஒரு பலகை தொங்குகிறது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. 'இங்கே யாரும் யாருக்கும் உணவு, தீவனம், பழம், காய், கீரை, வெஞ்சனம் எதுவும் கொடுக்கக் கூடாது' என்று அதில் எழுதியிருக்கும். போன மாதம் அந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ஒருத்தி, சென்னைக்காரப் பெண், என் எண்ணை யாரிடமோ வாங்கிப் போன் செய்தாள். பறவை அறையில் இனிமேல் மீன் தொட்டிகள் வைக்கப் போகிறார்களாம். பலகையைக் கழற்றும் முன் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம்.

"மேடம், வெஞ்சனம்னா என்ன கெமிக்கல்? எந்தக் கேட்டலாக்லயும் இல்லையே?"

நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் பயந்துபோய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். திரும்ப நானே கூப்பிட்டுச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இலையில் வைக்கிற பொரியல், கூட்டு, கீரை எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். அது எப்படி ஆய்வகப் பலகையில் ஏறியது என்று விடாமல் கேட்டாள். போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை, எழுதி அனுப்புகிறேன், அதுவரை பலகை அங்கேயே தொங்கட்டும், மீனுக்கும் அது தேவைப்படலாம் என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயலட்சுமி. சித்தையன்கோட்டையில் வெங்காயமும் தக்காளியும் போடுகிற குடும்பம். லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு, ரத்தம் எடுப்போம், சளி பார்ப்போம், வெள்ளைக் கோட்டில் நாலு பேர் மதிக்க நடப்போம் என்று கனவோடு வந்தவளுக்குக் கல்லூரிக்காரர்கள் காடைகளைக் கொடுத்தார்கள். கோட்டும் கொடுத்தார்கள். காடை எச்சத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் இருந்த பாசத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

உறவுக்காரர்களிடம் என் வேலையை விளக்குவது அதைவிடக் கஷ்டம். காடை முட்டைக்குள் ரத்தக்குழாய் எப்படி உருவாகிறது என்று பார்க்கிறோம் என்பேன். பார்த்துவிட்டு என்று கேட்பார்கள். பார்த்துவிட்டு எழுதி வைப்போம் என்பேன். அது சரி, அப்புறம் காடையை என்ன செய்வீர்கள் என்பார்கள். எந்தக் கல்யாண வீட்டில் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் மிளகு போட்டு வறுப்பதில்தான் வந்து நிற்கும். எங்கள் ஊரில் ஒரு பறவையை வேறு எந்த நோக்கத்தோடும் வளர்க்கலாம் என்று யாரையும் நம்பவைக்க என்னால் முடிந்ததில்லை.

என் மேலதிகாரி பேராசிரியர் குழந்தைவேலு. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஒல்லியாக, நெட்டையாக, இஸ்திரி கலையாத சட்டையில் இருப்பார். அவருடைய மரியாதையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மற்ற அதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். இவருக்குக் கூடும். மனது குளிர்ந்திருக்கும்போது "ஜெயா, இங்க வா" என்பார். ஏதோ சரியில்லை என்றால் "வாங்க" என்பார். பேச்சு "ஏனுங்க" என்று தொடங்கினால் நாங்கள் கையில் இருக்கிற கண்ணாடிச் சாமானை மேசையில் வைத்துவிடுவோம். அதற்கு மேல் "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார் என்றால், உட்கார்ந்தவருக்கு அந்த வருஷம் நல்ல வருஷம் இல்லை.

முதல் நாளே எனக்கு ஒரு ஏனுங்க கிடைத்தது. முட்டையைத் திறந்து காட்டு என்றார். நான் மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். "ஏனுங்க ஜெயலட்சுமி, வெங்காயம் நறுக்கட்டுங்களா?" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

பிறகு அவரே கற்றுக் கொடுத்தார். முட்டையைப் படுக்க வைத்துச் சற்று நேரம் விட வேண்டும், கரு மேலே வந்து நிற்கும். ஓட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பருத்த முனையில் ஊசி போட்டு வெள்ளைக்கருவைக் கொஞ்சம் உறிஞ்சினால் கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். மேலே டேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் மெல்ல வெட்டி ஒரு ஜன்னல் திறக்க வேண்டும். மூச்சு முட்டைமேல் படக் கூடாது. அந்த ஜன்னல் வழியாக முதல் தடவை பார்த்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலில் பின்னிய வலை, நடுவில் கடுகளவு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் தும்மினேன். தும்மியதற்குத் தனியாக ஒரு ஏனுங்க விழுந்தது.

ஆனால் மனுஷன் முட்டைக்காக எதையும் செய்வார். ஒரு சித்திரையில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. அடைகாக்கும் பெட்டி ஆறத் தொடங்கியது. அவர் யோசிக்கவே இல்லை. தட்டோடு முட்டைகளைத் தூக்கிப்போய் வெயிலில் நின்ற தன் பழைய அம்பாசிடர் காருக்குள் வைத்தார். ஈரத்துண்டைப் போட்டார். கையில் தெர்மாமீட்டரோடு தானும் உள்ளே உட்கார்ந்துகொண்டார். சூடு ஏறினால் கண்ணாடியை இறக்குவார், இறங்கினால் ஏற்றுவார். மின்சாரம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். முதல்வர் அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்து, எங்கே கிளம்பிட்டீங்க சார் என்று கேட்டார். "எங்கயும் இல்லீங்க, அடை காக்கறேன்" என்றார் இவர். திண்டுக்கல் வெயிலைத் திட்டாத ஒரே நாள் எங்கள் துறைக்கு அதுதான். அதன்பின் காரை வெயிலில் விட மனம் வராமல், பறவை அறைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நிறுத்தத் தொடங்கினார். இந்த மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வைட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முட்டைக்குள் அதற்கு வேறொரு வேலை இருக்கிறது. கரு உருவாகும்போது இதயம் ஒரு பக்கம் துடிக்கத் தொடங்கும், ரத்தம் மஞ்சள் கருவின் மேல் இன்னொரு பக்கம் ஊறும். இரண்டையும் சேர்க்கிற குழாய் முளைக்க வேண்டும். இப்போது முளை என்று சொல்கிற சமிக்ஞை வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிறது. அது இல்லாவிட்டால் கிணற்றில் மோட்டார் ஓடும், தோட்டத்தில் வாய்க்கால் இருக்கும், நடுவில் குழாய் மாட்டியிருக்க மாட்டார்கள். இதயம் தன்பாட்டுக்குத் துடித்துத் துடித்துச் சில நாளில் நின்றுவிடும்.

இதைப் பார்க்க வேண்டுமானால் வைட்டமின் ஏ இல்லாத முட்டை வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. உடம்புக்குள் போன வைட்டமின் ஏ ஒரு அமிலமாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த அமிலத்தையே நேராகத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் காடை திடமாக இருக்கும், முட்டையும் இடும். ஆனால் அந்த அமிலம் முட்டைக்குள் போய்ச் சேராது. தாய்க்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை. வெளிச்சம் பட்டால் அமிலம் கெட்டுவிடும் என்பதால், வெள்ளைப் பொடித் தீவனத்தை மங்கலான மஞ்சள் விளக்கில் நான்தான் கலப்பேன். அந்தக் காடைகளுக்கு வேறு எதுவும் வாயில் படக் கூடாது. பேராசிரியர் இதில் கொஞ்சம் அதிகமாகவே போவார். நத்தத்திலிருந்து என் நாத்தனார் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியபோது, மாம்பழத்தில் வைட்டமின் ஏ ஆகிற சத்து இருக்கிறது என்று சொல்லி அதைத் துறைக்குள்ளேயே விடவில்லை. கூடை வாசலில் வாட்ச்மேன் பொறுப்பில் இருந்தது. சாயங்காலம் போய்க் கேட்டபோது கூடை மட்டும் இருந்தது.

கோமதி வந்தது அந்தக் காலத்தில்தான். சின்னாளபட்டிப் பெண். அப்பா தறி போடுகிறவர், அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். துணியில் பொட்டுப் பொட்டாக முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் என்பதால், கருவைக் காகித வளையத்தில் ஒட்டித் தூக்குகிற வேலையில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. குழாய் முளைக்காத கருவில், எந்த நேரம் வரைக்கும் வைட்டமின் ஏ-யைக் கொடுத்தால் குழாய் திரும்ப முளைக்கும்? எந்த நேரத்துக்குப் பிறகு என்ன கொடுத்தும் பிரயோஜனம் இல்லை? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முதலில் குழாய் முளைக்காத கரு வேண்டும் அல்லவா?

குழாய் முளைத்துத் தொலைத்தது. ஒரு முட்டையில் குழாய் இருக்காது, அடுத்ததில் இருக்கும், அதற்கடுத்ததில் பாதி இருக்கும். கோமதி வைட்டமின் ஏ மருந்தைக் கொடுத்த முட்டையில் குழாய் முளைத்தால், மருந்தால் முளைத்ததா, தானாகவே முளைத்ததா என்று எப்படிச் சொல்வது? மாதக்கணக்கில் இதே கூத்து. பேராசிரியர் தீவனம் வாங்கும் இடத்தை மாற்றினார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னார். அறைக்குள் யார் போனாலும் பையைச் சோதிக்கச் சொன்னார். என் மல்லிகைப் பூவைக்கூட ஒருநாள் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் பறவை அறையைக் கூட்டுகிற பாண்டியம்மாவைக் கூப்பிட்டார்.

பாண்டியம்மா சேவுகம்பட்டிக்காரி. என் வயதுதான் இருக்கும். என் தோளுக்குத்தான் வருவாள். குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். காடைக் கூண்டுகள் மூன்று அடுக்காக இருக்கும். அடித் தட்டு, நடுத் தட்டு எச்சத்தை அவள் இழுத்துக் கழுவுவாள், மேல் தட்டு எட்டாது, அதை நான் எடுத்துக் கொடுப்பேன். பேராசிரியர் அவளிடம் மிகுந்த மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, காடைங்களுக்கு நீங்க தீவனம் ஏதாச்சும் போடறதுண்டுங்களா? வெளிய இருந்து ஏதாச்சும் கொண்டு வர்றதுண்டுங்களா?"

இரண்டுக்கும் இல்லவே இல்லை என்று பாண்டியம்மா கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்து என்னிடம், எம்புட்டு மரியாதை தெரிஞ்ச மனுசன், கூட்டுறவளைக்கூட ஏனுங்கன்னு கூப்பிடுறாரு பாருங்க என்று பூரித்துப் போனாள். துறையில் அந்த வார்த்தைக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

எல்லோர் மேலும் சந்தேகம் தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தது கோமதி. முட்டைகளை மாற்றி வைக்கிறாளோ, சாதாரணத் தீவனம் தின்கிற காடைகளின் முட்டை கலந்துவிடுகிறதோ என்று பேராசிரியருக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். "ஏனுங்க கோமதி, உட்காருங்க. நீங்க வேற தலைப்பு யோசிச்சா நல்லதுன்னு நெனைக்கறேனுங்க" என்றார். இத்தனை 'ங்க'வை ஒரே நேரத்தில் அந்தத் துறை கேட்டதில்லை. ஆய்வுக் குழு கூட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழுவிடம் அவர் இதையே சொன்னால், அவளுடைய உதவித்தொகை நிற்கும். நின்றால் சின்னாளபட்டிக்குப் போய்விட வேண்டியதுதான். அவள் அழவில்லை. அடைகாக்கும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாகத் திருப்பி வைத்தாள். திருப்பத் தேவையே இல்லாத நேரம் அது. அந்தப் பெண் முட்டையை மாற்றுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் வழி இல்லை.

இது நடந்த வாரத்தில் ஒருநாள், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் தயிர்சோற்றை அடைத்துக்கொண்டு வந்திருந்தேன். மத்தியானம் நானும் பாண்டியம்மாவும் கட்டடத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். அவள் என் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வெறுஞ்சோத்தைப் பிசையிறீக? வெஞ்சனம் இல்லையா?"

காலையில் நேரமில்லை என்றேன்.

"நல்லாருக்கே. அந்தக் குருவிகளுக்கே வெஞ்சனம் இல்லாம நான் விடுறதில்ல, உங்களை விட்ருவனா" என்று தன் தூக்கிலிருந்து பீர்க்கங்காய்க் கூட்டை எடுத்து என் சோற்றில் போட்டாள்.

வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. எந்தக் குருவி என்று கேட்டேன்.

"உள்ள இருக்குறதுகதேன். பாவம், நாளெல்லாம் அந்த வெள்ளைப் பொடியையே திங்குதுக. தொண்டையில எறங்குமாக்கா? அதேன் தெனமும் ரெண்டு கொழுந்து உருவிப் போடுவேன்."

சார் கேட்டபோது இல்லை என்றாயே என்றேன். பாண்டியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு தீவனம் போட்டியான்னு கேட்டாரு. நான் எங்க தீவனம் போட்டேன்? வெஞ்சனம்தேன வச்சேன்? வெளிய இருந்து கொண்டு வந்தியான்னாரு. நான் எதுக்குக் கொண்டு வரணும், சன்னல்ல கையை விட்டா கீரை."

நான் தலையை நிமிர்த்தினேன். நாங்கள் உட்கார்ந்திருந்ததே அந்த முருங்கை மரத்தடியில்தான். பேராசிரியரின் கார் பக்கத்தில் நின்றது. கிளை ஒன்று பறவை அறை ஜன்னலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கூடை மாம்பழத்தை வாசலோடு நிறுத்திய மனிதர், உலகத்திலேயே வைட்டமின் ஏ சத்து அதிகமுள்ள கீரைகளில் ஒன்றின் நிழலில் வருஷக்கணக்காகக் காரை நிறுத்தி வந்திருக்கிறார். உருவிய காம்பு கீழே கிடந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். கிடக்காது. கூட்டுகிறவள் அவளேதான், சுத்தத்தில் குறை வைக்கவே மாட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. சொன்னால் பாண்டியம்மாவின் வேலை போகலாம், ஒப்பந்த வேலைதான் அவளுக்கு. சொல்லாவிட்டால் கோமதி போகிறாள். சாப்பிட்ட கையோடு பாண்டியம்மாவையே இழுத்துக்கொண்டு கோமதியிடம் போய், நீயே சொல்லு என்றேன். சொன்னாள். கோமதி அவள்மேல் பாயப் போகிறாள் என்று நினைத்தேன். எத்தனை மாத உழைப்பு. ஆனால் அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாக் கூண்டுக்கும் வச்சீங்களா?"

"மேல் அடுக்கு எனக்கு எட்டாதுல்ல ஆத்தா" என்றாள் பாண்டியம்மா, குறைப்பட்டுக்கொண்டு. "அதுகளுக்கு மட்டும் வைக்க முடியலையேன்னு எனக்கும் மனசு அடிச்சுக்கிரும்."

கோமதி ஓடினாள். மூன்று அடுக்குக் காடைகளும் எங்கள் கணக்கில் ஒரே கூட்டம். அதனால் யாரும் அடுக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஆனால் எந்தக் கூண்டு முட்டை என்று ஓட்டில் பென்சிலால் எழுதுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, அதே குறி ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லிலும் போகும். மருந்து கொடுக்காமல் சாயமேற்றி ஒட்டி வைத்திருந்த கருக்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, தரையில் வெள்ளைத் துணியை விரித்து, நானும் அவளுமாக மூன்று வரிசையாக அடுக்கினோம். மேல் அடுக்குக் காடைகளின் கரு ஒன்றில்கூடக் குழாய் இல்லை. கீழ் இரண்டு வரிசையிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது, சிலதில் முழுசாக, சிலதில் பாதியாக. "அக்கா, நான் எதையும் மாத்தலைக்கா" என்றாள் கோமதி. அப்போதுதான் அழுதாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து என்ன பண்றீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் இஸ்திரி கலையாத பேண்ட்டோடு தரையில் மண்டியிட்டு, லென்ஸை வைத்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். மூன்று வரிசையும் பார்த்தார். எழுந்து பாண்டியம்மாவைக் கூப்பிட்டார். வந்ததும் நாற்காலியைக் காட்டினார். "ஏனுங்க பாண்டியம்மா, உட்காருங்க" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. பாண்டியம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கூண்டுக்கு எவ்வளவு கீரை வைப்பீர்கள் என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றாள். மரத்திலிருந்து உருவி வரச் சொல்லி, அவள் பிடித்துக் காட்டிய கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். ஒன்று சின்னதாக இருந்தது, அடுத்தது அதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. கைப்பிடி என்றால் ஒரே அளவாக இருக்க வேண்டாமா என்று கேட்டார்.

"எல்லாருக்கும் எப்படி சார் ஒரே அளவு வைக்க முடியும்? இது சும்மா இருக்குறதுக்கு. இது முட்டை போடுறதுக்கு. முட்டை போடுறவளுக்குக் கூடத்தேன வைக்கணும்."

பேராசிரியர் தராசிலிருந்த கீரையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்க மேல தப்பில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு" என்றார். அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே ஜன்னலுக்கு வலை அடிக்கப்பட்டது. பலகைக்கு வாசகத்தை அவரே எழுதினார். எழுதும்போது வெஞ்சனமா, வியஞ்சனமா, எது சரி என்று என்னிடம் கேட்டார். எப்படி எழுதினாலும் காடை படிக்கப் போவதில்லை, பாண்டியம்மாவுக்குப் புரிந்தால் போதும் சார் என்றேன். வெஞ்சனம் என்றே எழுதினார். இங்கே யாரும் யாருக்கும் என்று தொடங்கியதில் அவசரம் தெரிந்தது. யோசித்து எழுதியிருந்தால் பின்னால் மாட்டியிருக்க மாட்டார்.

குழுக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். ஆளுக்கு நாலு ஏனுங்க. தள்ளிவைக்க மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கீழடுக்குக் காடைகள் சாப்பிட்ட கீரை உடம்பைவிட்டுப் போகும்வரை பல வாரம் காத்திருந்தோம். பாண்டியம்மா அந்த வாரங்களில் கூண்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கூட்டினாள். பார்த்தா மனசு கேக்காதுக்கா என்பாள். அதன்பின் வந்த முட்டைகளில் மூன்று அடுக்கிலும் குழாய் இல்லை. ஒரு கருவின் சாவைப் பார்த்து நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டது நியாயமா என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டோம்.

பிறகு கோமதி தன் வேலையை மறுபடி தொடங்கினாள். மஞ்சள் விளக்கில், கரு தொடங்கிய முதல் நாள் முடியும் முன்பே சில முட்டைகளுக்கு ஊசி நுனியில் ஒரு துளி மருந்து. சிலதற்கு அதற்குப் பிறகு. சிலதற்கு மருந்து கலக்காத வெறும் எண்ணெய். ஒரு நாள் கழித்து ஜன்னல் திறந்தோம். முதல் முட்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவளுக்குப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தள்ளி நின்றுகொண்டாள். பேராசிரியர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"கோமதி, இங்க வா. வந்து பாரு" என்றார்.

'ங்க' இல்லை. ஒரு 'ங்க'கூட இல்லை. அதைக் கேட்டதுமே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கக்கூடத் தேவையில்லை. இருந்தாலும் பார்த்தோம். இதயத்திலிருந்து இரண்டு பக்கமும் குழாய் கிளம்பி மஞ்சள் கருவின் வலையோடு சேர்ந்திருந்தது. ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. தாமதமாகத் துளி விழுந்த முட்டைகளில் அது இல்லை. எண்ணெய் விழுந்ததிலும் இல்லை. நான் தும்மவில்லை, வெளிப்படையாகவே அழுதேன்.

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். கோமதியின் அப்பா புது வேட்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இங்கிலீஷில் மகள் பேசுவதை முகம் கோணாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பகால முடிவுகளில் ஏன் இவ்வளவு குழப்பம் என்று தேர்வாளர் கேட்டார். மறைக்காமல் சொன்னாள். கீரைக்குத் தனி அத்தியாயமே இருந்தது. அதில் பாண்டியம்மாவின் பெயரும், அவள் உயரத்துக்கு எட்டிய அடுக்குகளும், எட்டாத அடுக்கும் இருந்தன. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பட்டம் கிடைத்தது என்று அறிவித்தபோது கோமதியின் அப்பா எழுந்து நின்றுவிட்டார், எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாடு பறவை அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்தில் நடந்தது. வாழை இலை போட்டிருந்தது. சமையலுக்கு வெளியே சொல்லியிருந்தோம், முருங்கைக்கீரைப் பொரியல் மட்டும் பாண்டியம்மாவின் கைவேலை. தேங்காய் போட்டு, வாசனை தூக்கியது. கரண்டியோடு அவளே பரிமாறினாள். தேர்வாளருக்கு வைத்தாள், கோமதிக்குக் குவித்தாள், அவள் அப்பாவுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள். பேராசிரியர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

மறந்துவிட்டாளோ என்று நான் ஜாடை காட்டினேன். பாண்டியம்மா நின்று, கரண்டியால் மேலே பலகையைக் காட்டினாள். குரல் வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

"சார்தேன எழுதி வச்சிருக்காரு, இங்க யாரும் யாருக்கும் வெஞ்சனம் குடுக்கக் கூடாதுன்னு. மத்தவுகளுக்கு வச்சிரலாம். எழுதுனவருக்கே எப்படி வைக்கிறது?"

பந்தியில் எல்லாக் கையும் நின்றது. தேர்வாளர் அண்ணாந்து பலகையைப் படித்தார். பேராசிரியர் மெல்ல நிமிர்ந்தார். "ஏனுங்க பாண்டியம்மா" என்றார். பழக்கதோஷத்தில் நான் தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தேன். அந்தப் பக்கம் கோமதியும் வைத்தாள்.

அவர் இலையில் சோற்றை ஓரமாக ஒதுக்கி, நல்ல அகலமாக ஒரு இடம் பண்ணினார்.

"முட்டை போடறவங்களுக்கு வைக்கற அளவே வைங்க."